முடிவெடுக்கும் முன் ஒரு முறை பறக்கட்டும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உயர்நிலை நான்கில் படிக்கும் அக்காள் மகள் திடீரென்று, "மாமா, நான் கடற்படை ஹெலிகாப்டர் ஓட்டப் போறேன்," என்றாள்.

"ஹெலிகாப்டரா? அதுவும் கடலுக்கு மேலேயா?" என்று கேட்ட அக்காளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அத்தானோ, "நல்ல வேலைதான்மா. ஆனா, உனக்கு ராட்டினம் ஏறினாலே தலை சுத்துமே!" என்று சிரித்தார். அவள் முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க, மாமா?" என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. 'உன்னால் முடியும்' என்று சொல்வதற்கும் 'முடியாது' என்று சொல்வதற்கும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தகுதி இல்லை. எங்களில் எவரும் ஒரு விமானத்தின் கட்டுப்பாட்டுக் கோலைத் தொட்டதுகூட இல்லை. உண்மையில், அவளும் தொட்டதில்லை. திரைப்படங்களிலும் தேசிய தினக் கொண்டாட்டத்திலும் பார்த்ததை வைத்து அவள் ஆசைப்பட்டாள். ராட்டினத்தை வைத்து அவளுடைய அப்பா அவளை மதிப்பிட்டார். இரண்டுமே போதுமான சான்றுகள் அல்ல.

அன்றிரவு வீடு திரும்பும்போது எனக்குத் தோன்றிய கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கடற்படை விமானியாக விரும்பும் இளையர் எவரும், அந்த முடிவை எடுப்பதற்கு முன் ஒரு முறையாவது பயிற்றுவிப்பாளருடன் சிறிய விமானத்தில் பறந்து பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பை, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கு வழங்கும் பரிசாகக் கருதக்கூடாது. முடிவெடுக்க உதவும் பாடமாகக் கருத வேண்டும்.

முதலில், அந்தப் பணி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நிலத்திலுள்ள ஓடுபாதை அசைவதில்லை. கப்பலின் தளமோ முன்னும் பின்னும் சாயும். இடமும் வலமும் உருளும். அதே வேளையில் முன்னோக்கியும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து புறப்பட்டு, மீண்டும் அதே இடத்தில் வந்து இறங்குவதுதான் கடற்படை விமானியின் அன்றாட வேலை.

1910ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், யூஜின் ஈலி என்ற அமெரிக்க விமானி முதன்முறையாக ஒரு போர்க்கப்பலிலிருந்து விமானத்தைக் கிளப்பினார். விமானம் தாழ்ந்து சென்று, அதன் சக்கரங்கள் கடல்நீரைத் தொட்டுவிட்டன. ஆனாலும், அவர் சமாளித்துக் கரையில் இறங்கினார். இரண்டு மாதங்கள் கழித்து, 1911ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் மீது விமானத்தை இறக்கியும் காட்டினார். மணல் மூட்டைகளில் கட்டிய கயிறுகளைத் தளத்தின் குறுக்கே வரிசையாக இழுத்து வைத்திருந்தார்கள். விமானத்தின் அடியிலிருந்த கொக்கிகள் அந்தக் கயிறுகளில் மாட்டி, அதன் வேகத்தைக் குறைத்தன. இன்றும் பல விமானந்தாங்கிக் கப்பல்களில் போர் விமானங்கள் இறங்கும்போது, கொக்கியும் கம்பிவடமும்தான் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. ஈலி தண்ணீருக்கு அஞ்சியவர். தற்காப்புக்காக சைக்கிள் டியூப்களை உடலில் சுற்றிக்கொண்டுதான் பறந்தார்.

ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் எட்வின் டன்னிங் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அது 1917ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் நடந்தது. ஐந்தே நாள்களில், அதே முயற்சியை மீண்டும் செய்தபோது விமானம் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 25. இந்தப் பணியின் பெருமையையும் ஆபத்தையும் அந்த ஐந்து நாள்கள் சேர்த்தே சொல்கின்றன.

நம் வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூர்க் கடற்படையின் ஃபார்மிடபல் வகைப் போர்க்கப்பல்கள் சுமார் 115 மீட்டர் நீளம் கொண்டவை. அவற்றின் பின்பகுதியிலுள்ள தளத்தில் சீஹாக் ரக ஹெலிகாப்டர் இறங்க முடியும். அந்த ஹெலிகாப்டர் கடலுக்கு மேல் ஓரிடத்தில் அசையாமல் நின்றபடி, ஒலியுணர் கருவியை நீருக்குள் இறக்கி, நீர்மூழ்கிக் கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்டறியும். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலேசிய விமானம் எம்எச்370 காணாமற்போனபோது, தேடும் பணிக்காகச் சிங்கப்பூர் அனுப்பிய போர்க்கப்பலில் இத்தகைய ஹெலிகாப்டரும் இருந்தது. போர்க்கலம் என்று நாம் நினைக்கும் ஒன்று, காணாமற்போனவர்களைத் தேடவும் புறப்படுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

இங்கே ஒரு செய்தியை இளையர் பலர் அறிவதில்லை. சிங்கப்பூரில் இந்த ஹெலிகாப்டர்களை ஓட்டுபவர்கள் ஆகாயப் படையினர். அவர்கள் கடற்படையினருடன் ஒரே கப்பலில் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். மலேசியாவில் கடற்படைக்கே சொந்தமான விமானப் பிரிவு உண்டு. பேராக் மாநிலத்தின் லூமுட்டிலுள்ள அதன் தளத்தின் பெயர் 'ரஜாவாலி'. தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படை விமானத் தளத்தின் பெயர் 'ராஜாளி'. கூர்மையான கண்களைக் கொண்ட வேட்டைப் பறவையின் பெயரையே இரண்டு கடற்படைகளும் தேர்ந்தெடுத்திருக்கின்றன. 'கடற்படை விமானியாக வேண்டும்' என்று சொல்லும் மாணவர், தம் நாட்டில் அதற்கான வழி எந்தப் படையின் வாசலில் தொடங்குகிறது என்பதையே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஒரு முறை பறப்பதால் என்ன தெரிந்துவிடும்?

முதலாவதாக, உடலைப் பற்றித் தெரியும். பயணியாக உட்கார்ந்து செல்வது வேறு. விமானத்தைச் செலுத்துவது வேறு. நம் காதின் உட்பகுதியிலுள்ள உறுப்பு, நாம் நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. தரையில் அது நம்பகமான நண்பன். மேகத்துக்குள்ளோ இருட்டிலோ, அடிவானம் கண்ணில் படாதபோது, அதே நண்பன் பொய் சொல்லத் தொடங்கிவிடுவான். விமானம் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருக்கும். நேராகப் போவதாகவே உடல் உணரும். அப்போது விமானி தம் உடலை நம்பாமல் கருவிகளை நம்ப வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால், விமானம் முதன்முறையாகத் திரும்பிச் சாயும்போது வயிற்றில் எழும் அந்தக் கலக்கத்தைப் புத்தகத்தால் தர முடியாது.

இரண்டாவதாக, கவனத்தைப் பற்றித் தெரியும். கோலைச் சற்று முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது. பின்னே இழுத்தால் மூக்கு உயர்கிறது; வேகம் குறைகிறது. கால்கள் சுக்கான் மிதிகளின் மீது இருக்க வேண்டும். கண்கள் வெளியேயும் பார்க்க வேண்டும். உயரத்தைக் காட்டும் கருவியையும் பார்க்க வேண்டும். இதற்கிடையே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வானொலியில் ஒரு குரல் கேட்கும். அதைக் கவனித்து, சரியான சொற்களில் பதில் கூற வேண்டும். சிலருக்கு இது சுமையாகத் தோன்றும். சிலருக்கோ, பல தாளங்களை ஒரே நேரத்தில் வாசிப்பது போன்ற மகிழ்ச்சியைத் தரும். தாம் எந்த வகை என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதை அவரவரே உணர வேண்டும்.

மூன்றாவதாக, அச்சத்தைப் பற்றித் தெரியும். பயமே இல்லாதவர்தான் விமானியாக முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈலியின் கதை அதற்கு மாறாக இருக்கிறது. பயந்தபோதும், செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பான சூழலில் அந்தக் கேள்விக்கு முதல் விடை கிடைக்கும்.

என் கருத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'இது எனக்கு ஏற்றதல்ல' என்று அறிந்துகொள்வதும் பெரிய பயன்தான். என் நண்பர் ஒருவரின் மகன் சிறு வயதிலிருந்தே விமானப் பைத்தியம். அவனுடைய அறையின் கூரையில் மாதிரி விமானங்கள் தொங்கும். பதினேழு வயதில் ஒரு பயிற்சி விமானத்தில் முக்கால் மணி நேரம் பறந்துவிட்டு வந்தான். வாசலில் காத்திருந்த அப்பா, "எப்படிடா இருந்துச்சு?" என்று ஆவலுடன் கேட்டார். அவன் தயங்கித் தயங்கி, "மேலே இருந்தப்ப எப்போ இறங்குவோம்னு இருந்துச்சுப்பா. ஆனா, இறங்கினதும் இன்ஜினைத் திறந்து காட்டினாங்க. அதை விட்டு வரவே மனசில்லை," என்றான். இன்று அவன் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக இருக்கிறான். அந்த முக்கால் மணி நேரம் அவனுடைய பல ஆண்டுகளை மிச்சப்படுத்தியது. அவன் தோற்றுவிட்டான் என்று யாராவது சொன்னால், அவர் கையால் பழுதுபார்த்த ஹெலிகாப்டரை நம்பிப் பறக்கும் விமானிகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அனுபவமுள்ள கடற்படைகளும் இந்த உண்மையை அறிந்தே செயல்படுகின்றன. அமெரிக்கக் கடற்படையில், விமானியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நேராகப் போர் விமானத்தில் ஏற்றிவிடுவதில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில், முதலில் அவர்கள் ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய விமானங்களில் பறக்கிறார்கள். யாருக்கு இந்தப் பணி பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது அந்தக் கட்டத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. பிரிட்டிஷ் கடற்படையும் இளம் அதிகாரிகளைச் சிறிய விமானங்களில் பறக்க வைத்துத் தரம் பார்க்கும் முறையை நெடுங்காலமாகப் பின்பற்றி வந்துள்ளது. படையில் சேர்ந்த பிறகே அவர்களைச் சோதிப்பது பயன் தருமானால், சேர்வதற்கு முன்பே இளையர் தம்மைச் சோதித்துக்கொள்வது இன்னும் பயன் தரும் அல்லவா?

சிங்கப்பூரில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிலேத்தாரில் 1928ஆம் ஆண்டிலேயே கடல் விமானங்கள் வந்திறங்கின. அதே சிலேத்தாரில் இன்று சிங்கப்பூர் இளையர் விமானப் பயிற்சி மன்றம் இயங்குகிறது. 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த மன்றம், தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறது. வயதில் இளையவர்களுக்கு மாதிரி விமானப் பயிற்சியும் உண்டு. தேசிய மாணவர் படையில் ஆகாயப் பிரிவும் கடற்பிரிவும் இணைப்பாட நடவடிக்கைகளாக இருக்கின்றன. இவற்றில் சேர்ந்தவர்கள் எல்லாரும் படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எனினும், என் கருத்தை எல்லாரும் ஏற்கமாட்டார்கள். அவர்கள் எழுப்பும் கேள்விகளும் நியாயமானவையே.

'ஒவ்வொரு மாணவரையும் பறக்க வைத்தால் செலவு என்ன ஆகும்?' என்பது முதல் கேள்வி. எல்லா மாணவரையும் பறக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையை உண்மையாகவே எண்ணிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் வாய்ப்பளித்தால் போதும். ஓர் இராணுவ விமானியை உருவாக்கப் பெரும் பணமும் நீண்ட காலமும் தேவை. பாதி வழியில் ஒருவர் விலகினால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரப் பறப்புக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

'ஆபத்து இல்லையா?' என்பது இரண்டாவது கேள்வி. ஆபத்து அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், வானிலை சரியில்லை என்றால் விமானம் புறப்படாது. ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்து விமானத்தைச் சோதித்த பிறகே இயந்திரத்தை இயக்குவார்கள். பயிற்றுவிப்பாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கட்டுப்பாட்டுக் கோலும் இருக்கும். ஆர்வத்தோடு வந்த மாணவரிடம், "இன்று மழை மேகம், பறக்க முடியாது," என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் ஒரு பாடம்தான். 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல விமானி.

மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும்விடக் கடினமானது. 'இது இளையரைப் படைக்கு இழுக்கும் தூண்டில் இல்லையா?' என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதில் வானத்தில் ஒரு முறை பறந்தவுடன் மனம் மயங்கிவிடும். அந்த மயக்கத்தில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்தும் விழுந்துவிடும். பிறகு பல ஆண்டுகள் அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டியிருக்கும். இந்த அச்சம் நியாயமானது என்று நானும் நினைக்கிறேன். அதனால்தான், பறக்கும் அனுபவம் எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சில நிபந்தனைகள் தேவை என்கிறேன்.

பறந்த அன்றே எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கக்கூடாது. மாணவர் வீட்டுக்குப் போகட்டும், தூங்கி எழட்டும், பெற்றோருடன் பேசட்டும். அதன் பிறகும் ஆசை நிலைத்திருந்தால் அது உண்மையான ஆசை.

பணியின் கடினமான பக்கத்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும். வெயில் நாளில் சிறிய விமானத்தில் பறப்பதும், இருட்டில் அலைமோதும் கடலுக்கு மேல் ஹெலிகாப்டரை நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல. கடலுக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர் குழுவினர், நீரில் விழுந்தால் தப்பிப்பதற்கும் பயிற்சி பெறுகிறார்கள். ஹெலிகாப்டரின் உட்பகுதியைப் போன்ற கூண்டில் அவர்களை உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். அவர்கள் வார்ப்பட்டையை அவிழ்த்து, சன்னல் வழியாக வெளியேறி மேலே வர வேண்டும். இதையும் மாணவர்கள் கேள்விப்பட வேண்டும். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கப்பலில் வாழ்ந்தவர்களிடம் நேரில் பேசவும் வேண்டும்.

அத்துடன், அந்த வாய்ப்பு தேர்வில் முதலிடம் பெறுபவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடக்கூடாது. விமானிக்குக் கணிதமும் இயற்பியலும் தேவைதான். ஆனால், அமைதியான மனம், கூர்ந்த கவனம், தவறை உடனே ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆகியவற்றை மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை. அதுபோலவே, 'இது ஆண்களின் வேலை' என்று ஒதுங்கும் மாணவிகளையும் அழைக்க வேண்டும். இந்தியக் கடற்படையின் முதல் பெண் விமானியாக ஷிவாங்கி 2019ஆம் ஆண்டு டிசம்பரில் பொறுப்பேற்றார். அவரைப் போன்றவர்களைப் பார்க்கும்போதுதான் 'நாமும் முயலலாமே' என்ற எண்ணம் பலருக்குப் பிறக்கிறது.

மாணவர்களே, ஒரே ஒரு முறை பறந்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டதாகவும் எண்ணிவிடாதீர்கள். முதல் முறை பலருக்குக் குமட்டும். பழகப் பழக உடல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே, ஒரு நாள் தலைசுற்றலை வைத்துக் கனவைக் கைவிட வேண்டாம். அதேபோல, ஒரு நாள் பரவசத்தை வைத்து வாழ்க்கையை முடிவு செய்யவும் வேண்டாம். முதல் பறப்பு இறுதித் தீர்ப்பைத் தருவதில்லை. நல்ல கேள்விகளைத் தருகிறது. 'எது எனக்குப் பிடித்தது? எப்போது பயந்தேன்? பயந்தபோது என்ன செய்தேன்?' என்று கீழே இறங்கிய பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

அக்காள் வீட்டுக்கு மீண்டும் வருகிறேன். அன்று அவள் கேட்ட கேள்விக்கு மறுநாள் தொலைபேசியில் பதில் சொன்னேன். "எனக்குத் தெரியாதும்மா. உனக்கும் தெரியாது. ஒரு முறை பறந்து பார்த்துட்டு நீயே சொல்லு," என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்தவள், "அம்மாவும் கூட வரணும்னு சொல்றாங்க, மாமா. கீழே நின்னு பார்ப்பாங்களாம்," என்றாள்.

வரும் பள்ளி விடுமுறையில் அவள் பறக்கப் போகிறாள். இறங்கி வந்து 'ஆம்' என்று சொல்வாளா, 'இல்லை' என்று சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், அது திரைப்படம் சொன்ன பதிலாக இருக்காது. அப்பாவின் கேலி சொன்ன பதிலாகவும் இருக்காது. அவளே கண்டறிந்த பதிலாக இருக்கும். அப்படி ஒரு பதிலைத் தேடிக்கொள்ளும் வாய்ப்பு, ஆசைப்படும் ஒவ்வோர் இளையருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.